இலவசக் காலை உணவுத் திட்டம்: கையெழுத்துப் போடும் முன் அறவாரியத்திடம் என்ன கேட்க வேண்டும்?

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9.50

வணக்கம். நான் கோலாலம்பூரில் ஒரு பிபிஆர் அடுக்குமாடியில், அதாவது அரசாங்கத்தின் மலிவு வாடகை வீட்டில், குடியிருக்கிறேன். குடியிருப்பாளர் சங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாகச் செயலாளர். எந்த வட்டாரம், எந்த அறவாரியம் என்று சொல்லாமல் விடுகிறேன். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்களுக்கு வழி தெரிய வேண்டும்.

போன மாதம் அவர்களே எங்களைத் தேடி வந்தார்கள். சனிக்கிழமை தோறும் 60 பிள்ளைகளுக்குக் காலை உணவு, அப்புறம் கணக்கு, மலாய், ஆங்கிலம் டியூஷன். ஓராண்டுக்கு. இங்கே வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்), அதையே தள்ளித் தள்ளிக் கட்டும் வீடுகள் உண்டு. டியூஷனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கேட்டதும் மனம் குளிர்ந்துவிட்டது.

ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் தயக்கம். பிள்ளைகளின் படத்தைப் பெயரோடு தங்கள் பக்கத்தில் போடுவார்களாம். பெற்றோரின் ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு நகல் கொடுக்க வேண்டும். கீழ்மாடி மண்டபச் சாவி ஓராண்டுக்கு அவர்களிடம் இருக்கும், வேறு எந்த அமைப்பும் அங்கே நிகழ்ச்சி நடத்தக் கூடாது. கடைசியில் ஒரு வரி: திட்டம் பற்றிய எல்லா முடிவும் அறவாரியத்துடையது.

அந்த மண்டபத்தில்தான் ஐந்து அக்காமார்கள் விடியற்காலையில் உட்கார்ந்து கோயிலுக்குப் பூ கட்டுகிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. இதை வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லத் தவறிவிட்டோம்.

எங்கள் தலைவர் "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள் என்ன கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தாமான்_தலைவர் | திங்கள், இரவு 10.15

தங்கச்சி, நானும் சிலாங்கூரில் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, தலைவராக இருப்பவன். உங்கள் தலைவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 60 பிள்ளைகளுக்கு ஓராண்டு சோறு போட ஆள் வருவது சாதாரணமா? நாம் ஆயிரம் நிபந்தனை போட்டால் அவர்கள் அடுத்த புளோக்குக்குப் போய்விடுவார்கள். இழப்பது பிள்ளைகள். படம் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். முதலில் ஆரம்பியுங்கள், பிறகு மெல்லப் பேசிச் சரிசெய்யலாம்.

---

ஜெலுத்தோங்_வாத்தியார் | திங்கள், இரவு 11.32

தலைவர் ஐயா, அந்தப் பழமொழியை நானும் வகுப்பில் நூறு முறை சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்த மாடு இந்த அம்மாவின் தொழுவத்தில் ஓராண்டு கட்டப்படப் போகிறது. பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.

பினாங்கில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையை இங்குள்ள யாரும் மறக்க மாட்டார்கள். தீவிலும் பெருநிலத்திலும் வெள்ளம், ஏழு பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர். மறுநாளே உதவி வரத் தொடங்கியது. அந்த நல்ல மனத்தை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் வந்தது என்ன? லாரி லாரியாகப் பழைய துணி. கல்யாணத்துக்குக் கட்டும் சரிகைச் சேலை, ஒற்றைக் கால் சப்பாத்து, கிழிந்த கோட்டு. சமூக மண்டபத்தில் கூரை உயரத்துக்குக் குவிந்து, ஈரம் பட்டு நாறி, கடைசியில் அதை அப்புறப்படுத்த நாங்களே லாரி பிடித்தோம். அந்த வாரம் எங்களுக்குத் தேவைப்பட்டது தள்ளுகோல், ரப்பர் பூட்ஸ், கேஸ் அடுப்பு, மெத்தை. சேற்றோடு போன சர்க்கரை மாத்திரை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசாங்கச் சோதனை) எழுத இருந்த பிள்ளைகளுக்குப் புத்தகம்.

மூன்றாம் நாள் சில இளைஞர்கள் வந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை, ஒரு நோட்டுப்புத்தகம் மட்டும். எங்கள் வரிசையில் ஒரு பாட்டி வீட்டுப் படியில் உட்கார்ந்து, "நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்? நாளைக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி. மதியத்துக்குள் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இரண்டு வாடகைக்கு வந்தது. எந்த வீட்டை முதலில் கழுவுவது என்று எங்கள் தாமான் பையன்கள் முடிவு செய்தார்கள். எந்தக் கால்வாயின் கம்பித் தட்டியில் குப்பை அடைத்து நிற்கும் என்று அந்தப் பாட்டிக்குத்தான் தெரிந்திருந்தது. அதைத் திறந்த பிறகுதான் தேங்கிய தண்ணீர் இறங்கியது.

கேட்டிருந்தால் அது முதல் நாளே தெரிந்திருக்கும். உங்கள் பூ கட்டும் அக்காமார்கள் விஷயமும் அப்படித்தான். அவர்களிடம் முதலில் பேசுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

---

பழைய_படம் | செவ்வாய், காலை 6.40

இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "படம் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்" என்ற வரியைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் வளர்ந்தேன். பத்து வயதில் ஒரு குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர்கள் வருகிறார்கள் என்று அம்மா எனக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டு, தலை வாரி, பொட்டு வைத்து உட்கார வைத்திருந்தார். கேமரா வைத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் சாதாரணமாகப் போடுவதை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் என்னை அறைக்குள் அழைத்துப்போய் மாற்றிவிட்டார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். உள்ளே தண்ணீர் போத்தலும் பாதி வெங்காயமும் இருந்தன.

உதவி வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டு பள்ளிச் சீருடை, பை, சப்பாத்து எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான். அதற்கு நன்றி எப்போதும் உண்டு.

நான்காம் படிவத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிட்டாள். பெயர், வயது, அப்பா விட்டுவிட்டுப் போனது, எல்லாம் அதன் கீழே எழுதியிருந்தது. ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். என் அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பாரம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்.

அக்கா, உங்கள் புளோக்கில் 60 பிள்ளைகள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவர்கள் வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள். யாராவது அவர்கள் பெயரைத் தேடுவார்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

---

மூன்றாம்மாடி | செவ்வாய், காலை 7.25

தங்கை, இதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். எங்கள் தாளும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இன்று வேலை முடிந்து வந்ததும் தமிழிலும் மலாயிலும் எழுத உட்காருகிறேன். எங்கள் புளோக்கில் மலாய்க் குடும்பங்களும் உண்டு, அவர்கள் பிள்ளைகளும் இந்த 60இல் சேர்த்திதான்.

---

நடுவில்_நிற்பவள் | செவ்வாய், மதியம் 1.10

நான் கோலாலம்பூரில் ஒரு தொண்டு அமைப்பில் பதினோர் ஆண்டுகளாகத் திட்டப் பொறுப்பாளர். மேசையின் அந்தப் பக்கம் உட்காருபவள். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் பழைய_படம் எழுதியதற்கு: எங்கள் அமைப்பிலும் அப்படிப் படங்கள் எடுத்திருக்கிறோம். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அது தவறு. செஞ்சிலுவைச் சங்கங்களும் பெரிய நிவாரண அமைப்புகளும் 1994இல் பத்து நடத்தை விதிகள் எழுதின. பத்தாவது விதி இதைத்தான் பேசுகிறது: பேரிடரில் சிக்கியவர்களை விளம்பரத்தில் கதியற்ற பொருள்களாகக் காட்டக் கூடாது, மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும். எழுதி இத்தனை ஆண்டுகள் ஆகியும் குளிர்பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்கிறோம்.

ஏன் படம் கேட்கிறோம் என்றால், பணம் கொடுப்பவர் கேட்கிறார். கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் நிரம்ப வேண்டும். அது கிடைக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு பணம் வராது என்று நாங்கள் பயப்படுகிறோம். நான் ஒரு முறை துணிந்து பார்த்தேன். முகம் ஒன்றுகூட இல்லாமல் அறிக்கை அனுப்பினோம். பெரிய பானையில் கொதிக்கும் கஞ்சி, வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகள், பிள்ளைகள் வரைந்த படங்கள், வெங்காயம் அரியும் கைகள். கொடுத்தவர் மறு ஆண்டும் கொடுத்தார். ஒரு கேள்வியும் வரவில்லை. எங்கள் பயம்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

மண்டபத்தை ஓராண்டுக்குப் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வேறு அமைப்பு வந்து பேரைத் தட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகப் போடும் நிபந்தனை அது. தைரியமாக மறுக்கலாம். ஐசி நகல் விஷயம் வேறு. எங்களுக்குத் தணிக்கை உண்டு, 60 பிள்ளைகளும் உண்மையில் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு வேறு வழி கண்டுபிடிக்கலாம், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் தாளின் தலைப்பில் 'கூட்டாளி' என்று இருக்கிறதா பாருங்கள். 1969இல் அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். மக்களுக்குத் தகவல் சொல்வது மூன்றாம் படி. கருத்துக் கேட்பது நான்காம் படி. கூட்டாளி என்ற சொல் ஆறாம் படியில்தான் வருகிறது, அங்கே முடிவெடுப்பதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. எல்லா முடிவும் அறவாரியத்துடையது என்ற அந்தக் கடைசி வரி உங்களை மூன்றாம் படியில் நிறுத்துகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. மக்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் அவர்கள் சொல்லும் "சரி"க்கு எடை இல்லை.

---

தாமான்_தலைவர் | செவ்வாய், மாலை 6.05

பழைய_படம் தங்கச்சி, நான் எழுதிய வரிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் தாமான் பக்கத்தில் நாங்களே பிள்ளைகள் படத்தைப் போட்டிருக்கிறோம். இன்று மாலையே எடுத்துவிட்டேன்.

---

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ் | செவ்வாய், இரவு 8.48

நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். தாள் சம்பந்தமான சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அந்த அறவாரியம் எங்கே பதிவானது என்று கேளுங்கள். 1966 சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவிலா, உத்தரவாத நிறுவனமாகக் கம்பெனிப் பதிவு ஆணையத்திலா, 1952 அறங்காவலர் சட்டத்தின் கீழா? சங்கம் என்றால், ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் இருந்தால், நன்கொடை கொடுத்தவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். அரசாங்கத்துக்கு வர வேண்டிய வரியில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் புளோக் பேரைச் சொல்லி எவ்வளவு திரட்டினார்கள், உங்கள் புளோக்கில் எவ்வளவு செலவானது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மண்டபச் சுவரில் ஒட்டட்டும். மாட்டேன் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஐசி பற்றி. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர்த்தகப் பரிமாற்றங்களுக்கானது. தொண்டு வேலைக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: நகலை யார் வைத்திருப்பார், எப்போது அழிப்பார், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார் என்று. நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'இன்ன திட்டத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். பேங்க் வேலைக்குச் செய்வது போலத்தான். சம்பளச் சீட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் பார்த்ததாக ஒரு கையெழுத்துப் போட்டால் பெரும்பாலான தணிக்கைக்குப் போதும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளைகளின் பேரில் வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் குலுக்க 1947 சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

---

பட்டர்வொர்த்_செல்வி | புதன், காலை 10.20

எல்லாரும் அறவாரியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கமிட்டியைப் பற்றிப் பேச வேண்டும். மூன்றாம்மாடி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2020 மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் இரண்டு பிள்ளைகளோடு ஒரு வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். கணவர் இல்லை. கடையில் வேலை நின்றுவிட்டது. எங்கள் பகுதிக்கு உணவுக் கூடை கொடுக்க வந்த அமைப்பு நேர்மையான அமைப்பு. அவர்கள் முறைப்படி "உள்ளூர் மக்களிடம்" பட்டியல் கேட்டார்கள். உள்ளூர் மக்கள் என்றால் கமிட்டி. கமிட்டி என்றால் நான்கு ஆண்கள். அந்தப் பட்டியலில் இரண்டு கார் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், நான் இல்லை. அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் சங்க உறுப்பினர் இல்லையாம்.

அடுத்த ஆண்டு வெள்ளைக்கொடி இயக்கம் வந்தது. உதவி வேண்டும் என்றால் வீட்டு முன் வெள்ளைத் துணி கட்டுங்கள், எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம் என்றார்கள். அது எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியது. என்னால் கட்ட முடியவில்லை. கட்டினால் என் மகள் வெளியே வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சீனத்துப் பாட்டி எப்படியோ புரிந்துகொண்டு, அரிசிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார். கதவைத் தட்ட மாட்டார்.

அதனால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரப்போவது யார்? எப்போதும் வருபவர்கள். இரவு ஷிப்டு பார்ப்பவர், படுத்த படுக்கையான மாமியாரை விட்டு வர முடியாதவர், குடித்துவிட்டு அடிக்கும் புருஷனுக்குப் பயந்தவர் வர மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சனிக்கிழமைச் சோறு முதலில் போய்ச் சேர வேண்டும். அறவாரியம் உங்களிடம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கும்போது, நீங்கள் யாரிடம் பதில் சொல்லப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

மூன்றாம்மாடி | புதன், இரவு 9.05

கோபம் இல்லை செல்வி. வெட்கமாக இருக்கிறது. நாங்கள் போட்ட முதல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 60இல் 44 பிள்ளைகள் ஐந்தாம் மாடிக்குக் கீழே. லிஃப்ட் அடிக்கடி பழுதாவதால் மேல்மாடிக்காரர்களை நாங்கள் பார்ப்பதே குறைவு. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்திருக்கிறோம்.

---

சூலியா_தெரு | வியாழன், காலை 9.00

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன். நோன்பு மாதத்தில் இங்குள்ள இந்திய முஸ்லிம் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுவார்கள். என் சிறு வயதில் அத்தா என் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்புவார். வரிசையில் நிற்கும்போது முன்னால் கடை முதலாளி நிற்பார், பின்னால் படகுத்துறைக் கூலிக்காரர் நிற்பார். இல்லாதவர் யார், இருப்பவர் யார் என்று சட்டியைப் பார்த்தும் சொல்ல முடியாது. யாரும் பெயர் கேட்டதில்லை. அதனால்தான் அந்தக் கஞ்சியை வாங்க யாருக்கும் கூச்சம் வந்ததில்லை.

சகோதரி, முடிந்தால் 60 என்ற எண்ணிக்கையை எடுத்துவிடப் பாருங்கள். வருகிற பிள்ளைக்குச் சோறு என்று வைத்துவிட்டால் சம்பளச் சீட்டுக் கேள்வியே எழாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்டபத்துக்கு நடந்து வந்து வரிசையில் உட்காரும் பிள்ளைக்குப் பசி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சமையலும் முக்கியம். ஹலால் இறைச்சி, மாட்டிறைச்சி இல்லாத சட்டி, சைவப் பிள்ளைகளுக்குத் தனிக் கரண்டி, இதெல்லாம் வெளியிலிருந்து பொட்டலம் வாங்கி வருபவருக்குத் தெரியாது. உங்கள் புளோக்கில் சமைப்பவர்களுக்குத் தெரியும்.

---

நடுவில்_நிற்பவள் | வியாழன், மதியம் 12.40

சூலியா_தெரு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்ன உணவு என்பதையும் பேசுங்கள். கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் எடுத்து 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அதே குடியிருப்புகளில் அதிக எடைப் பிள்ளைகளும் இருந்தார்கள். வயிறு நிரம்புகிறது, சத்து சேரவில்லை. ஆனாலும் நன்கொடைக் கூடை என்றால் மேகி மீ, இனிப்புப் பால், பிஸ்கட் என்றே கட்டுகிறோம். அது கெட்டுப்போகாது, அடுக்க எளிது, படத்தில் நிறைவாகத் தெரியும். முட்டை, கடலை, கீரை, மீன் கேளுங்கள்.

சமைக்கும் பெண்களுக்குக் கூலி கேட்பதையும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அலுவலகத்தில் இருக்கும் எனக்குச் சம்பளம், காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் அக்காவுக்கு 'தொண்டூழியர்' சான்றிதழ். உலக அளவிலும் இதே கதைதான். 2016இல் இஸ்தான்புல்லில் பெரிய நாடுகளும் அமைப்புகளும் கூடி, நிவாரணப் பணத்தில் 25 விழுக்காட்டை 2020க்குள் முடிந்தவரை நேராக உள்ளூர்க்காரர்களிடம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டன. அந்த இலக்கை எட்டவில்லை. கையில் பணம் இருப்பவர் விடுவதில்லை, கேட்டால்தான் கொஞ்சமாவது வரும்.

---

ஜெலுத்தோங்_வாத்தியார் | வியாழன், இரவு 10.10

எப்படி முடிப்பது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அமைப்பு வாசிப்பறை திறந்தது. ஒலிபெருக்கி, மாலை, பெரிய அட்டைக் காசோலை எல்லாம் உண்டு. பதினான்கு மாதம் நன்றாக நடந்தது. ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் போனபோது பூட்டு தொங்கியது. பணம் நின்றுவிட்டதாம். யாருக்கும் முன்கூட்டியே சொல்லவில்லை. சாவி யாரிடம் என்றும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவான். இரண்டு மாதம் அப்படிச் செய்தான். நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோமா என்று என்னிடம் கேட்டான்.

பணம் நிற்பது யாருக்கும் நேரலாம். மூன்று மாதம் முன்னால் சொன்னால் பெற்றோர்களே ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள். நம் ஆட்களுக்குச் சேர்ந்து பணம் போடத் தெரியாதா? கூட்டுப் பிடிப்பது (சீட்டுப் பிடிப்பது) நம் பெண்களுக்குக் கைவந்த கலை. அதைத் தொழிலாக நடத்தி ஏமாற்றியவர்களால் 1971இல் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குப் போனது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. கல்யாணத்தில் மொய் எழுதுவதையும் நினைத்துப் பாருங்கள். இன்று வாங்குபவர் நாளை கொடுப்பவர், நோட்டில் இருவர் பெயரும் இருக்கும். அதனால் வாங்கும்போது தலை குனிவதில்லை. உங்கள் புளோக்காரர்கள் என்ன போடுகிறார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள் அம்மா. இடம், சமையல், பிள்ளைகளை அழைத்து வருவது, எல்லாமே பங்குதான்.

---

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 11.45

கூட்டம் முடிந்து இப்போதுதான் மேலே வந்தேன். 41 பேர் வந்தார்கள். வழக்கமாக 12 பேர் வருவார்கள். வெள்ளி, சனி இரண்டு இரவும் நானும் இரண்டு அக்காமார்களும் பத்தாம் மாடிக்கு மேலே கதவு கதவாகப் போனோம். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள். நான் செயலாளராக இருந்து அவர்கள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

அறவாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். தமிழில் எழுதிய தாளை வாசித்தேன், பக்கத்து வீட்டு மலாய் அக்கா மலாயில் வாசித்தார். அதிகாரி குறுக்கே பேசவில்லை. பூ கட்டும் அக்கா எழுந்து, "நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டால் நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டார். அதிகாரிக்கு அது தெரியவே தெரியாதாம். அங்கேயே மன்னிப்புக் கேட்டார். மண்டபம் சனிக்கிழமை ஏழு முதல் பதினொன்று வரை மட்டும், பூ கட்டுபவர்களுக்கு மேடைப் பக்கம். மற்ற அமைப்புகள் வரக்கூடாது என்ற வரியை அடித்துவிட்டார்.

படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை. பழைய_படம் தங்கையின் கதையை, அடையாளம் எதுவும் சொல்லாமல், சொன்னேன். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அந்த அதிகாரிதான் முதலில், "எழுதிவிடுங்கள்" என்றார்.

கூலியில்தான் வாக்குவாதம். சேவைக்குக் கூலி கேட்கிறோமே என்று எங்கள் ஆட்களே சிலர் சங்கடப்பட்டார்கள். கடைசியில் சமைக்கும் மூவருக்கும் ஒரு காலைக்கு ஆளுக்கு 50 வெள்ளி என்று முடிவானது. நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், சட்டி பானை மேசை எங்களுக்கு. கணக்குத் தாள் சுவரில் ஒட்டப்படும். முடிவுகளுக்கு ஏழு பேர் குழு, எங்கள் பக்கம் நால்வர், அதில் ஒருவர் மேல்மாடியிலிருந்து, ஒருவர் மலாய்க் குடும்பத்திலிருந்து.

ஒன்று மட்டும் தீரவில்லை. வருகிற பிள்ளைக்கெல்லாம் சோறு என்பதற்கு அவர்கள் ஒப்பவில்லை, பணம் 60 தலைக்குத்தான் என்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கலாமா என்பதைத் தங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். அதனால் இன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் தலைவர் கீழே இறங்கும்போது, "ஒரு வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே எனக்குப் பெரிது.

---

பட்டர்வொர்த்_செல்வி | திங்கள், காலை 6.15

அக்கா, ரொம்ப மகிழ்ச்சி. அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் பட்டியலில் வந்தார்களா?

---

மூன்றாம்மாடி | திங்கள், காலை 6.50

இரண்டு குடும்பம் வந்திருக்கிறது. இன்னும் இருப்பார்கள். இன்று மாலை பதினான்காம் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறோம். லிஃப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை, நடந்துதான் ஏற வேண்டும்.